உரிம அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

விபத்து இழப்பீட்டு வழக்குகள்தான் என் பிழைப்பு. சில மாதங்களுக்கு முன் ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி, மஞ்சள் பை நிறையக் காகிதங்களோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டியவர். ஒருநாள் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டுத் தன் பைக்கில் வீடு திரும்பும்போது சாலைத் தடுப்பில் மோதி இறந்துவிட்டார். பைக் அவர் பெயரில்தான் இருந்தது. உரிமையாளரே ஓட்டி இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் பிரீமியம் கட்டியிருந்தார். காப்பீட்டு நிறுவனமோ பணம் தர மறுத்து நான்கே வரியில் கடிதம் அனுப்பிவிட்டது.

“ஹெவி லைசென்ஸ் வைத்திருந்தவர், சார். அவர் பைக் ஓட்டக் கூடாதா?”

அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் இரண்டே வரிகள்: இலகுரக வாகனம், போக்குவரத்து வாகனம். இருசக்கர வாகனத்துக்கான வரி இல்லை. அந்தக் காப்பீட்டின் நிபந்தனை, ஓட்டும் வண்டிக்குச் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும் என்பது. மலைப்பாதையில் பதினாறு டன் சரக்கை இறக்கியவருக்குச் சட்டத்தின் கணக்கில் பைக் ஓட்டத் தெரியாது!

பெரிய வண்டிக்கு உரிமம் வாங்கினால் சின்ன வண்டிகள் தாமாக அதில் அடங்கிவிடும் என்ற நினைப்பு நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் உரிமத்தை ஏணிப்படியாக அடுக்கவில்லை. கியர் இல்லாத இருசக்கர வாகனம், கியர் உள்ளது, இலகுரக வாகனம், போக்குவரத்து வாகனம், ரோடு ரோலர் என்று வகைகளாகப் பிரித்திருக்கிறது. போக்குவரத்து வாகனத்துக்கு எல்.எல்.ஆர். எடுக்க, இலகுரக உரிமம் வாங்கி ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும்; எனவே லாரி ஓட்டுநருக்குக் கார் உரிமம் இருக்கும். பைக்குக்கு அப்படி எந்தத் தொடர்பும் இல்லை. கார் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு மகளின் ஸ்கூட்டரில் காய்கறி வாங்கப் போகும் அப்பாக்களும் இதே வலையில்தான் இருக்கிறார்கள். ஸ்கூட்டிக்கு மட்டும் உரிமம் வாங்கிய மகள் அண்ணனின் கியர் பைக்கை எடுப்பதும் அப்படியே.

வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் திறன் 250 வாட்டுக்கும் குறைவான மின்சார ஸ்கூட்டருக்கு உரிமமே வேண்டாம். அதைச் சாக்காகச் சொல்லி, 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் மின்சார வண்டியைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுப்பவர்களை என்னவென்று சொல்வது?

நீதிமன்றங்களில் அதிகம் அடிபட்டது குட்டி யானை வகையறாதான். கார் உரிமம் வைத்திருப்பவர் மஞ்சள் போர்டு சரக்கு வண்டியை ஓட்டலாமா? முடியாது, போக்குவரத்து வாகனத்துக்கான தனி ஒப்புதல் வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடின. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் மீதும் ஐயம் கிளப்பப்பட்டு, 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக அதையே உறுதி செய்தது. வண்டியின் மொத்த எடை, சரக்கையும் சேர்த்து, 7,500 கிலோவைத் தாண்டாவிட்டால் இலகுரக உரிமமே போதும். இ-ரிக்ஷாவும் அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகளும் இதில் சேராது.

மொத்த எடை ஆர்.சி.யில் இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் நிற்கும் இரண்டு மினி லாரிகளில் ஒன்று இந்த வரம்புக்குள்ளும் மற்றது வெளியேயும் இருக்கலாம். வண்டியின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்யும் முதலாளிகள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அடிபட்டவருக்கு முதலில் நிறுவனம் பணம் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டால், அந்த லட்சங்கள் வண்டிக்காரர் தலையில் விழும். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்ததற்கான 5,000 ரூபாய் அபராதம் அதன் முன் ஒன்றுமேயில்லை.

விடுபட்ட வகையைச் சேர்ப்பது பெரிய வேலையில்லை. சாரதி இணையதளத்தில் விண்ணப்பித்து, அந்த வகைக்கு எல்.எல்.ஆர். எடுத்து, முப்பது நாள் கழித்துப் போய் எட்டு போட்டுக் காட்டினால் போதும். லாரி ஓட்டுநர்கள் எட்டு போடக் கூச்சப்படுகிறார்கள் என்பதுதான் நான் கண்ட தடை.

வகை சரியாக இருந்தால் மட்டும் போதாது, தேதியும் உண்டு. சொந்த வாகனத்துக்கு ஒன்று, போக்குவரத்து வாகனத்துக்கு ஒன்று என்று அட்டையில் இரண்டு தேதிகள் இருக்கும். பின்னதை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேறொரு வழக்கு தொடர்பாக வந்திருந்த ஒரு பள்ளித் தாளாளர், தம் பேருந்து ஓட்டுநரின் உரிம நகலைக் காட்டி, “2034 வரை இருக்கிறதே” என்றார். நான் விரலை அடுத்த தேதிக்கு நகர்த்தினேன். அது போன மாதமே முடிந்திருந்தது. மணி மூன்றேகால். அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.