பருவகால மனச்சோர்வு: ‘பாதிப்பு’ எங்கிருந்து வந்தது?

‘பருவகால பாதிப்புக் கோளாறு’ என்ற தொடர் மருத்துவக் கட்டுரைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சீசனல் அஃபெக்டிவ் டிஸார்டர் என்பதற்கு இதுதான் தமிழ் என்கிறார்கள். தவறு.

ஆண்டுதோறும் குறிப்பிட்ட பருவத்தில், பெரும்பாலும் குளிர்காலத்தில், மனம் சோர்ந்துபோகும் நோய் இது. மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1984இல் இதை விவரித்தார்கள். லத்தீனில் ‘அஃபெக்டுஸ்’ என்றால் மனநிலை, உணர்ச்சி. மனநல மருத்துவம் எடுத்துக்கொண்டது அந்தப் பொருளை. மொழிபெயர்த்தவர் பிடித்துக்கொண்டது ‘பாதி’ என்ற வினையை. விளைவு, மனம் என்ற சொல்லே இல்லாத ஒரு மனநோய்ப் பெயர். மழைக்காலச் சளியும் வெயில்கால வேர்க்குருவும்கூடப் பருவகால பாதிப்புதானே!

சரி, இதைத் திருத்துகிறேன் என்று சிலர் ‘பருவகால மன அழுத்தம்’ என்று எழுதுகிறார்கள். இது இன்னும் மோசம், ஏனென்றால் சரியானதுபோலவே தோன்றுகிறது. அழுத்தம் என்பது ஸ்ட்ரெஸ்: கடன், தேர்வு, வேலைச்சுமை. மனச்சோர்வைக் குறிக்கும் டிப்ரெஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் வேருக்குக் ‘கீழே அமுக்குதல்’ என்று பொருள். அந்த வேரைத் தமிழாக்கிவிட்டு நோயைக் கைவிட்டால் இப்படித்தான் ஆகும். செய்திகளில் இப்போது இரண்டுக்கும் ஒரே சொல். ‘எனக்கு மன அழுத்தம்’ என்று ஒருவர் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று மறுபடி கேட்கவேண்டியிருக்கிறது. ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று சுற்றியிருப்பவர்கள் அறிவுரை சொல்வதற்கும் இந்தக் குழப்பம் வழிவிடுகிறது.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு தொகுதிதான் உடல் கடிகாரம். தன் போக்கில் விட்டால் பெரும்பாலோருக்கு அதன் ஒரு நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். காலை வெளிச்சம் கண் வழியே போய் தினமும் அதை முன்னே இழுத்து வைக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளியுள்ள நாடுகளில் குளிர்கால விடியல் மிகத் தாமதம், கடிகாரமும் பின்தங்குகிறது. அலாரம் அடித்து ஆள் எழுந்தாலும் இரவில் சுரக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் வடியவில்லை. உடம்புக்கு அது இன்னும் ராத்திரி. மனநல மருத்துவர் ஆல்ஃப்ரெட் லூயி முன்வைத்த விளக்கம் இது. எல்லா நோயாளிக்கும் இது மட்டுமே காரணம் அல்ல. ஆனால் காலையில் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) தரும் விளக்கின் முன் 30 நிமிடம் உட்காரும் சிகிச்சை பலருக்குப் பலன் தருகிறது. இதில் அழுத்தம் எங்கே இருக்கிறது?

இருப்பது சோர்வு. எவ்வளவு தூங்கினாலும் போதாது, மாவுப்பண்டத்தின் மேல் தீராத ஆசை, எடை ஏறுகிறது, எதிலும் மனம் ஒட்டுவதில்லை. ஆகவே ‘பருவகால மனச்சோர்வு’ என்பதே பொருத்தம். ‘குளிர்காலச் சோகம்’ வேண்டாம். சோகம் நோயல்ல, தவிர கோடையில் வருகிற வகையும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாடு (2013) இதைத் தனி நோயாக வைக்கவில்லை. மனச்சோர்வு முதலிய நோய்களின் பருவகால வடிவமாகவே சேர்த்திருக்கிறது. அந்த வகையில் நம் சொல் ஆங்கிலப் பெயரைவிடவும் தெளிவு.

எனக்கு ஆற்றாமை இதுதான். ஆண்டின் பருவத்துக்குப் பெரும்பொழுது, நாளின் வேளைக்குச் சிறுபொழுது என்று பெயர் வைத்து, இரண்டையும் மனத்தின் நிலையோடு சேர்த்தே இலக்கணம் வகுத்த மொழி இது. பெரும்பொழுது மாறும்போது உடம்புக்குள் சிறுபொழுது பிசகுகிறது என்று ஒரே வரியில் இந்த நோயை விளக்கிவிடலாம். மருத்துவம் எழுதுகிறவர்கள் அகராதியைத் திறக்குமுன் அந்த நோய் என்னவென்று ஒரு பக்கமாவது படிக்கட்டும்.