பிராடிகார்டியா: குறையா, மெதுவா?

இதயத்துடிப்பை 24 மணி நேரம் நெஞ்சில் கருவி ஒட்டி எடுக்கும் ஹோல்டர் பதிவின் அறிக்கையில் "இரவில் பிராடிகார்டியா" என்று ஒரு வரி இருந்தால் போதும், புது நோய் வந்துவிட்டதாகப் பலரும் பயந்துவிடுகிறார்கள். அது நோயின் பெயரே அல்ல. கிரேக்கத்தில் பிராடிஸ் என்றால் மெதுவான, கார்டியா என்றால் இதயம், அவ்வளவுதான். வேகத்தை மட்டும் சொல்லும் சொல் அது, நல்லதா கெட்டதா என்று சொல்வதில்லை.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60-க்குக் கீழே போனால் பிராடிகார்டியா என்பது பாடப்புத்தகக் கணக்கு. 2018-இல் வந்த அமெரிக்க இதயவியல் வழிகாட்டுதல் அந்த எல்லையை 50-க்கு இறக்கியது.

தமிழில் இதைக் "குறை இதயத்துடிப்பு" என்று எழுதுவதுண்டு. எனக்கு அதில் ஓர் உறுத்தல். குறை என்றால் எண்ணிக்கை குறைவது மட்டுமல்ல, குற்றம், ஊனம் என்ற பொருளும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும், கிரேக்கச் சொல்லில் இல்லாத தீர்ப்பை நாமாக ஏற்றிவிடுகிறோம். "மந்தத் துடிப்பு" அதைவிட மோசம். "மெல்துடிப்பு" காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் வலுவில்லாத துடிப்பு என்று படித்துவிடுவார்கள். சரி, "மெதுத்துடிப்பு"? மெதுவுக்கும் மென்மைப் பொருள் உண்டுதான், ஆனாலும் இன்றைக்கு மெதுவாக என்றால் வேகம்தான் முதலில் மனதுக்கு வருகிறது. என் தேர்வு அதுதான். பேச்சில் "மெதுவான இதயத்துடிப்பு" என்றே சொல்லலாம்.

இந்தச் சொல் ஏன் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது உறக்கத்தைப் பார்த்தால் விளங்கும். கனவு அதிகம் வராத ஆழ்ந்த உறக்கத்தில், மூளையிலிருந்து வந்து இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் கை ஓங்கி, துடிப்பு தானாகவே இறங்குகிறது. நல்ல ஆரோக்கியமான இளைஞருக்கு 40-களுக்குப் போவதும், நடுவே 2 விநாடி இடைவெளி விழுவதும் சாதாரணம். (வேகஸ் என்ற பெயருக்கும் நம் வேகத்துக்கும் உறவில்லை, லத்தீனில் அது அலைந்து திரிவது. அலைநரம்பு என்றால் பொருந்தும்.)

அந்த நரம்பு இதயத்தை எப்படி அடக்குகிறது என்ற விடையும் தூக்கத்தில்தான் கிடைத்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி என்ற மருந்தியல் ஆய்வாளர் நடு இரவில் விழித்து ஒரு சோதனையைக் கிறுக்கி வைத்தார், காலையில் அவராலேயே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவு அதே எண்ணம் திரும்பி வந்தபோது நேரே ஆய்வகத்துக்குப் போய்விட்டார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொரு தவளை இதயத்தில் ஊற்றினார், அதுவும் மெதுவானது. இதை 1921-இல் வெளியிட்டார். திரவத்தில் இருந்தது அந்த நரம்பு விடும் வேதிப்பொருள், அசிட்டைல்கோலின். 1936-இல் ஆங்கிலேய ஆய்வாளர் ஹென்றி டேலோடு நோபல் பரிசு.

இரவு மெதுத்துடிப்பு எல்லாமே நலம் என்றும் சொல்லிவிட முடியாது. குறட்டைக்கு நடுவே மூச்சு அடைபடும் ஸ்லீப் ஆப்னியாவில், மூச்சு நின்றிருக்கும் நேரத்தில் துடிப்பு இறங்கும், திணறி மூச்சு திரும்பியதும் சட்டென்று ஏறும், இரவு முழுக்க இதே ஏற்ற இறக்கம். இதற்கு பேஸ்மேக்கரைத் தேடுவதற்கு முன்னால் மூச்சைச் சரிசெய்ய வேண்டும், தூங்கும்போது மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் காற்றழுத்தக் கருவி போட்டதும் பலருக்குத் துடிப்பும் சீராகிறது. அறிக்கையில் அந்த வரியைப் பார்த்தால் மருத்துவரிடம் குறட்டையையும் பகல் தூக்கத்தையும் சொல்லுங்கள். பகலில் தலைசுற்றலோ மயக்கமோ வந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.