பேனர் என்பது பதாகையா, தட்டியா?

தேர்தல் தேதி அறிவித்த கையோடு தெருமுனை பேனர்களை அவிழ்த்து லாரியில் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தேர்தல் ஆணையத்தின் கணக்கு இது: அரசு வளாகங்களில் இருப்பவை 24 மணி நேரத்துக்குள் அகல வேண்டும். பேருந்து நிலையம், ரயில் நிலையம், பாலம், மின்கம்பம் போன்ற பொது இடங்களில் இருப்பவைக்கு 48 மணி நேரம். தனியார் இடத்தில் அனுமதியில்லாமல் இருந்தால் 72 மணி நேரம். இதைத் தமிழில் எழுதும்போது பேனருக்குப் ‘பதாகை’ என்று போடுகிறோம். அந்தச் சொல் எனக்கு ஒட்டவே இல்லை.

பதாகை, வடமொழி ‘பதாகா’வின் தமிழ் வடிவம். பொருள், பெருங்கொடி. பரதநாட்டியத்தில் ஒற்றைக்கை முத்திரைகளில் முதலாவது பதாகம். கட்டைவிரலை மடக்கி மற்ற நான்கையும் சேர்த்து நீட்டினால், கை கொடிச்சீலை மாதிரி நிற்கும். ஆங்கிலத்து பேனரும் பழைய பிரெஞ்சு வழியாக வந்த கொடிதான். போர்க்களத்தில் ஒரு பிரபுவின் ஆட்கள் அதன் கீழே திரள்வார்கள். ஆக, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு சரி. பொருள்தான் மாறிவிட்டது.

விளம்பரக் கொடி நமக்குப் புதிதில்லை. பட்டினப்பாலையில் கள் விற்கும் வீட்டுக்கு ஒரு கொடி, வாதுக்கு அழைக்கும் ஆசிரியருக்கு ஒரு கொடி. ஆனால் கொடி ஒற்றைக் கம்பத்தில் உயரப் பறக்கும். காற்று வந்தால் வளைந்து கொடுக்கும். இன்றைய பேனருக்கோ சவுக்குக் கம்பு, சட்டம், அதில் இழுத்துக் கட்டிய பிளக்ஸ். நடைபாதைக் கல்லைப் பெயர்த்துக் குழி தோண்டி நட்டிருப்பார்கள். காற்றை அது எதிர்த்து நிற்கும், முடியாதபோது சாயும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், கட்சிக்காரர் வீட்டுத் திருமணத்துக்கு வைத்த ஒன்று அப்படித்தான் வண்டியில் போன 23 வயதுப் பெண்ணின் மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர்மேல் ஏறியது.

இதற்கு ஏற்ற சொல் தட்டி. மூங்கிலைப் பிளாச்சு பிளாச்சாகப் பிளந்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கட்டும் மறைப்பு அது. திண்ணைக்கு வெயில் மறைக்கவும், கடைக்கு அடைப்பாகவும் இருந்தது. அதிலேயே போஸ்டரை ஒட்டி டீக்கடை வாசலில் சாத்தி வைத்தார்கள். மறைப்பின் பெயர் விளம்பரத்துக்கு வந்துவிட்டது. ‘கூட்டத்துக்குத் தட்டி வெச்சாச்சா?’ என்று கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது.

ஆங்கிலத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. நாம் ‘ஹோர்டிங்’ என்கிறோமே, அது முதலில் கட்டடம் கட்டும் இடத்தைச் சுற்றி அடைக்கும் பலகை வேலி. அதன் மேல் விளம்பரம் ஒட்டினார்கள், வேலியின் பெயரே விளம்பரப் பலகைக்கு ஆகிவிட்டது. அந்தச் சொல்லுக்கு உறவான ‘ஹர்டில்’, குச்சிகளைப் பின்னிச் செய்த படல். அதாவது, நம் தட்டியேதான்! இதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

போஸ்டருக்குச் சுவரொட்டி நன்றாகவே பொருந்துகிறது. கறிக்கடையில் ஆட்டு மண்ணீரலுக்கும் அதே பெயர் என்றாலும் யாரும் குழம்புவதில்லை. பிளக்ஸுக்கு ‘நெகிழி’ போதும்.

தமிழ்நாட்டில் பொது இடங்களின் அழகைக் குலைப்பதைத் தடுக்க 1959லேயே சட்டம் வந்துவிட்டது. தேர்தல் ஆணையத்தின் தடைப் பட்டியலில் சுவர் எழுத்து, சுவரொட்டி, கட்அவுட், ஹோர்டிங், பேனர், கொடி எல்லாம் தனித்தனியாக வருகின்றன. பேனரைப் பதாகை என்று எழுதினால் அந்தப் பட்டியலில் கொடி இரண்டு முறை வந்துவிடும். ‘பொது இடத்தில் தேர்தல் தட்டி வைக்கக் கூடாது’ என்று எழுதிப் பாருங்கள். குழி தோண்டுகிறவருக்கும் புரியும், அந்த நடைபாதையில் நடக்கிறவருக்கும் புரியும்.