128 பைட் ஜாதகம்

என் மேசையில் மூன்று மானிட்டர்கள். நடுவில் 27 அங்குல 4கே, அதாவது 3840×2160 புள்ளி. இடப்பக்கம் 24 அங்குலத்தில் சாதாரண 1920×1080. வலப்பக்கம் 19 அங்குலப் பழைய சதுர மானிட்டர். அலுவலகங்கள் கழித்துக்கட்டியதை செகண்ட்ஹேண்ட் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த ரகம். அதை நிமிர்த்தி நெட்டுக்குத்தாக வைத்தால் நீளமான கோப்புகளைப் படிக்க வசதியாக இருக்கும் என்று வாங்கினேன்.

கணினியும் பழசுதான். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. முதல் இரண்டு மானிட்டர்களும் செருகியவுடனே சரியாக வந்துவிட்டன. மூன்றாவதை விஜிஏ கேபிளில் மாட்டினேன். படம் வந்தது, ஆனால் வட்டமெல்லாம் முட்டையாக இருந்தது, எழுத்தெல்லாம் மங்கல். செட்டிங்ஸில் பார்த்தால் 1024×768. அந்த மானிட்டரின் உண்மையான அளவு 1280×1024. அந்த அளவு பட்டியலிலேயே இல்லை.

மானிட்டர் போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். கோளாறு கேபிளில் இருந்தது. அது என்ன கோளாறு என்று சொல்ல, மானிட்டருக்கும் கணினிக்கும் நடக்கும் முதல் பேச்சுவார்த்தையைச் சொல்லியாக வேண்டும்.

ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு குட்டி நினைவகச் சில்லு இருக்கிறது. அதில் 128 பைட் தகவல் பதிந்திருக்கும். ஈடிஐடி என்று பெயர். மானிட்டர் தயாரிப்பாளர்களும் கிராஃபிக்ஸ் கார்டு தயாரிப்பாளர்களும் அடங்கிய வெசா அமைப்பு 1994இல் வகுத்த வடிவம் இது. இதை மானிட்டரின் ஜாதகம் என்று சொல்வது வெறும் விளையாட்டுக்கு இல்லை. மானிட்டர் எந்த வருடம், எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதே அதற்குள் இருக்கிறது. வருடத்துக்கு ஒரே ஒரு பைட்தான் என்பதால் 1990இலிருந்து எண்ணிச் சேமிக்கிறார்கள். அங்கே 18 என்று இருந்தால் 2008இல் செய்தது.

ஜாதகத்தின் தலைப்பில் பிள்ளையார் சுழிபோல ஒரு அடையாளம் உண்டு. முதல் பைட் 0, அடுத்த ஆறும் 255, எட்டாவது மறுபடி 0. அதைத் தொடர்ந்து தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறி. எழுத்துக்கு 5 பிட் வீதம் மூன்று எழுத்தையும் இரண்டே பைட்டுக்குள் அடைத்துவிடுவார்கள். எல்ஜி மானிட்டர் வைத்திருப்பவர்கள் பார்த்தால் அங்கே ஜி, எஸ், எம் என்று இருக்கும். அந்த நிறுவனம் கோல்ட்ஸ்டார் என்ற பெயரில் இருந்த காலத்து அடையாளம் அது. கம்பெனி பெயர் மாறியும் ஜாதகத்தில் பழைய பெயரே நிற்கிறது. அப்புறம் திரையின் அகலம், உயரம் சென்டிமீட்டரில், நிற விவரம், எந்தெந்த அளவில் படம் காட்ட முடியும், அதில் எது தனக்கு உகந்தது என்பதெல்லாம் வரும். கடைசி பைட் கணக்குச் சரிபார்க்க: 128 பைட்டையும் கூட்டினால் 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் லினக்ஸின் மைய நிரலான கெர்னல் தன் பதிவேட்டில் புகார் எழுதிவைக்கும்.

(இந்த ஜாதகத்திலும் பொய் எழுதுகிறவர்கள் உண்டு. சில டிவிகள் தங்கள் அளவு 16 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர் என்கின்றன. நீள அகல விகிதத்தை அளவு என்று நிரப்பிவிட்டார்கள்! அதை நம்பினால் 43 அங்குல டிவியை உள்ளங்கை அகலத் திரை என்று கணினி நினைத்துக்கொள்ளும்.)

இந்தத் தகவலைக் கணினி இரண்டு கம்பிகள் வழியாகக் கேட்டு வாங்குகிறது. ஒன்று தாளம் தட்டும், மற்றது தகவலைக் கொண்டுவரும். படம் போகும் கம்பிகள் வேறு. விஜிஏ கேபிளின் 15 ஊசிகளில் இந்தப் பேச்சுக்கு உரியவை 12ஆவதும் 15ஆவதும். என்னிடம் இருந்த மலிவு கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 12ஆம் ஊசி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.

அப்படியானால் படம் எப்படி வந்தது? விஜிஏவில் நிறக் கம்பிகளின் மறுமுனையில், மானிட்டருக்குள், 75 ஓம் மின்தடை இருக்கும். அந்தச் சுமை தெரிகிறதா என்று பார்த்தே மறுபக்கம் ஆள் இருப்பதைக் கணினி கண்டுபிடித்துவிடும். கதவுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள், யாரென்று கேட்டால் பதில் இல்லை. அந்த நிலையில் கெர்னல் எடுக்கும் பாதுகாப்பான முடிவுதான் 1024×768. கேபிளை மாற்றினேன், 1280×1024 தானாக வந்தது. கேபிள் கிடைக்காவிட்டாலும் லினக்ஸில் வழி இருக்கிறது. அளவை நாமே கணக்குப் போட்டுக் கொடுக்கலாம், அல்லது ஒரு ஈடிஐடி கோப்பைத் தயார்செய்து கெர்னலிடம் ‘இதை நம்பு’ என்று நீட்டலாம்.

அடுத்த சிக்கல் நடுவில் இருந்த 4கே மானிட்டரில். படம் அருமை, ஆனால் மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்ந்தது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்க வேண்டிய திரை 30 முறைதான் புதுப்பித்துக்கொண்டிருந்தது. இங்கே ஜாதகத்தில் குறையில்லை, குறை பாதையில்.

1920×1080 திரையில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை என்றால் 12 கோடியே 44 லட்சம். ஆனால் கேபிளில் உண்மையில் ஓடுவது நொடிக்கு 14 கோடியே 85 லட்சம் புள்ளிகள். ஏனென்றால் நிலையான கணக்குப்படி வரிசைக்கு 2,200 புள்ளி, மொத்தம் 1,125 வரிசை. கண்ணுக்குத் தெரியாத இந்த ஓரம் பழைய குழாய் டிவியின் எச்சம். ஒரு வரி வரைந்து முடித்த மின்னணுக் கற்றை அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப நேரம் வேண்டுமே, அதற்காக விட்ட இடைவெளி. கற்றையும் போச்சு, குழாயும் போச்சு, இடைவெளி மட்டும் இருக்கிறது. அதையும் சும்மா விடவில்லை. எச்டிஎம்ஐயில் ஒலி போவது இந்த இடைவெளிக்குள்தான்.

4கே என்றால் இதெல்லாம் நான்கு மடங்கு: நொடிக்கு 59 கோடியே 40 லட்சம் புள்ளிகள், அதாவது 594 மெகாஹெர்ட்ஸ். எச்டிஎம்ஐ 1.4 தாங்குவது 340. எனவே வேகத்தைப் பாதியாக்கி 30இல் ஓட்டுகிறது. எச்டிஎம்ஐ 2.0க்கு 600 வரை இடம் உண்டு, அங்கே 4கே நூலிழையில் நுழைந்துவிடும். என் பெட்டியில் இருந்தது பழைய எச்டிஎம்ஐ. பக்கத்திலேயே டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தது, அது 4கேயை 60இல் தாங்கும். கேபிளை இடம் மாற்றினேன், அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. பெரிய திரைக்கு டிஸ்ப்ளேபோர்ட், சின்னதுக்கு எச்டிஎம்ஐ, மிச்சம் இருப்பதற்கு விஜிஏ. பழைய பெட்டியில் மூன்று மானிட்டர் மாட்ட நினைப்பவர்கள் இந்த வரிசையிலேயே தொடங்கலாம்.

ஓட்டை இருக்கிறதே என்று நான்காவதை மாட்டவும் முடியாது. நினைவகத்தில் இருக்கும் படத்தை வரிவரியாக எடுத்து வெளியே அனுப்ப கிராஃபிக்ஸ் சில்லுக்குள் தனி எந்திரம் உண்டு. எத்தனை எந்திரமோ அத்தனை தனித்தனிப் படம். 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை இன்டெல் சில்லுகளில்தான் இது இரண்டிலிருந்து மூன்றானது. லினக்ஸ் கெர்னலில் இந்த எந்திரத்துக்கு இன்றும் சிஆர்டிசி என்றுதான் பெயர். ‘குழாய்த் திரைக் கட்டுப்படுத்தி’ என்பதன் சுருக்கம். குழாயை விட மனமில்லை இவர்களுக்கு.

சரி, மூன்று திரையும் வந்துவிட்டன. இவற்றை ஒன்றாகக் கோப்பது யார்?

லினக்ஸில் நெடுங்காலமாக இந்த வேலையைப் பார்த்துவந்தது எக்ஸ் என்ற மென்பொருள். 1984இல் எம்ஐடியில் தொடங்கி, 1987இல் 11ஆம் பதிப்புக்கு வந்து, அந்த எண்ணிலேயே நின்றுவிட்டது. அதன் வழி எளிமையானது. தரையில் பெரிய ஜமக்காளம் ஒன்றை விரித்து, அதன்மேல் மூன்று வெற்றுச் சட்டங்களை வைத்துப் பாருங்கள். ஜமக்காளம்தான் நினைவகத்தில் இருக்கும் மொத்தப் படம், சட்டங்கள்தான் மானிட்டர்கள். என் மேசைக்கு அகலம் 1920 + 3840 + நெட்டுக்குத்தாக நிற்பதன் 1024, ஆக 6,784 புள்ளி. உயரம் 2,160. சின்னத் திரைகளுக்கு மேலேயும் கீழேயும் எந்தச் சட்டத்துக்குள்ளும் வராத துண்டு சுமார் 30 லட்சம் புள்ளி. முழுத்திரையையும் படம்பிடித்தால் மூலையில் கறுப்புக் கட்டங்கள் வருகின்றனவே, அவை இந்தத் துண்டுகள்தான். எப்போதாவது ஒரு செயலியின் சன்னல் காணாமல்போனால் அது அங்கே ஒளிந்திருக்கும்.

2007க்கு முன்னால் இந்த ஜமக்காளத்தின் அளவை ஒரு கோப்பில் கையால் எழுதிவைத்து, மொத்த எக்ஸையும் நிறுத்தித் தொடங்க வேண்டும். அந்த வருடம் எக்ஸுக்கான ரேண்ட்ஆர் என்ற நீட்சியின் 1.2ஆம் பதிப்பு வந்தது. ஜிம் கெட்டிஸ், கீத் பேக்கார்டு இருவரும் தொடங்கிவைத்த வேலை. மானிட்டரைச் செருகவும் பிடுங்கவும், இடமாற்றவும், சாய்க்கவும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே முடிந்தது. இன்று எக்ஸில் செட்டிங்ஸ் பக்கத்தில் மூன்று கட்டங்களை மவுஸால் இழுத்து அடுக்குகிறோமே, அதற்கு அடியில் ஓடுவது இதுதான்.

ஜமக்காளத்துக்கு ஒரு குறை உண்டு: அதன் நெசவு எல்லா இடத்திலும் ஒன்றுதான். என் நடுத்திரையில் அங்குலத்துக்கு 163 புள்ளி, வலப்பக்கத்துக் கிழட்டுத் திரையில் 86. ஒரு சன்னலை அங்கிருந்து இங்கே இழுத்தால் எழுத்து பாதியாகச் சுருங்கும். தமிழ் படிப்பவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். 86 புள்ளித் திரையில் எழுத்து சின்னதானால் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொண்டு ‘ன’வாகத் தெரியும். 163இல் சுழி பிரிந்து தெரியும், ஆனால் பெரிதாக்கினால்தான் படிக்க முடியும். நடுத்திரைக்காகப் பெரிதாக்கினால் ஓரத்திரையில் நான்கு வரிதான் கொள்கிறது.

இதற்கு மருந்து, எக்ஸுக்கு மாற்றான வேலேண்ட். 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கியது. இன்று லினக்ஸின் டெஸ்க்டாப் சூழல்களான க்னோம், கேடிஇ இரண்டும் அதன்மேல்தான் முதலில் ஓட விரும்புகின்றன. இங்கே பொது ஜமக்காளம் இல்லை. ஒவ்வொரு செயலியும் தன் சன்னலைத் தனிக் காகிதத்தில் வரைந்து கொடுக்கும். எங்கே இருக்கிறோம் என்பதுகூட அதற்குத் தெரியாது. எந்தத் திரையில் எங்கே ஒட்டுவது, எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்பதை நடுவில் இருக்கும் ஒரு நிரல் முடிவுசெய்யும். அதனால் நடுத்திரைக்கு ஒன்றேமுக்கால் மடங்கு, மற்றவற்றுக்கு ஒரு மடங்கு என்று தனித்தனியாக வைக்க முடிகிறது. இந்தப் பின்னக் கணக்கை 120இல் பங்காகச் சொல்கிறார்கள். ஒன்றேமுக்கால் என்றால் 210. இதற்கு மாறிய அன்றே என் கண்வலி பாதி குறைந்தது. பழைய செயலிகள் சில மட்டும் இன்னும் எக்ஸ் மொழியே பேசும், அவற்றின் எழுத்து சற்று மங்கலாகத் தெரியலாம்.

மிச்சம் இருந்தது வெளிச்சம். இரவில் மூன்று திரையையும் குறைக்க மூன்றின் பொத்தானையும் தடவிக்கொண்டிருந்தேன். ஜாதகம் கேட்ட அதே இரண்டு கம்பிகளில் கணினி மானிட்டருக்கு உத்தரவும் போட முடியும் என்று பிறகுதான் தெரிந்தது. அதில் 16ஆம் எண் வெளிச்சத்துக்கு. டிடிசியூடில் என்ற கட்டற்ற மென்பொருள் இதைச் செய்கிறது. இரவு எட்டு மணியானால் 16ஆம் எண்ணை 30க்கு இறக்கு என்று கடிகார வேலையாக எழுதிவைத்தேன். நடுவும் இடதும் சொன்னபடி மங்குகின்றன. கிழவர் மட்டும் கேட்பதில்லை. அவருக்கு இன்னும் விரலால் பொத்தானை அழுத்தித்தான் ஆகிறது.