பேட்டண்ட் லெதர்: ரெஃப்ரி ஷூவின் மினுமினுப்புக்குத் தமிழில் என்ன பெயர்?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்தை டிவியில் பார்க்கிறவர்களுக்கு ஆட்டக்காரர்களின் ஷூவைவிட ரெஃப்ரியின் ஷூ சில நேரம் கண்ணைப் பறிக்கும். கன்னங்கரேல் என்று, கூரையில் எரிகிற விளக்கெல்லாம் முன்பக்கத்தில் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும். ஆட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து அரைமணி நேரம் பாலிஷ் போட்டுத் தேய்த்திருப்பார் போல என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. அது பேட்டண்ட் லெதர், அதாவது மேலே பளபளப்பான பூச்சு பூசிய தோல், அல்லது அதைப் போலவே செய்த செயற்கைப் பொருள். அந்தப் பளபளப்பு கடையில் வாங்கும்போதே கூட வருவது, பாலிஷ் டப்பாவை அதன் பக்கத்தில் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

சர்வதேசக் கூடைப்பந்து விதிகள் நடுவருக்குக் கருப்புக் கால்சட்டை, கருப்பு சாக்ஸ், கருப்புக் கூடைப்பந்து ஷூ என்று சொல்வதோடு சரி, மினுங்க வேண்டும் என்று கேட்பதில்லை. மினுங்குவது அமெரிக்க நடுவர்களின் பழக்கம். பேஸ்பால் நடுவர்களிலும் இதைப் போடுகிறவர்கள் உண்டு.

இதைத் தமிழில் எழுத வந்தவர்கள் பலர் 'காப்புரிமைத் தோல்' என்று எழுதிவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பு எந்திரங்களும் அதையே துப்புகின்றன. பேட்டண்ட் என்றால் காப்புரிமை, லெதர் என்றால் தோல், கணக்கு சரியாகத்தான் வருகிறது, ஆனால் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. யாருடைய காப்புரிமை? அது இன்னும் செல்லுபடியாகிறதா? ஷூவைத் துடைக்க யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

பேட்டண்ட் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பதேரே' என்றால் திறந்திருத்தல். இடைக்கால ஐரோப்பாவில் அரசர் எழுதும் கடிதங்கள் இரண்டு வகை. ஒன்று மடித்து அரக்கு முத்திரை வைத்து மூடியது, பெறுகிறவர் மட்டும் படிப்பதற்கு. இன்னொன்று திறந்த கடிதம், முத்திரை கீழே தொங்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இன்னாருக்கு இந்தப் பதவி, இந்த நிலம், இந்தத் தொழிலைச் செய்யும் தனியுரிமை என்று ஊருக்கெல்லாம் அறிவிப்பது இந்த இரண்டாவது வகை. அதுதான் பேட்டண்ட் கடிதம். போகப் போக மற்றதெல்லாம் உதிர்ந்து, கண்டுபிடித்தவருக்கான உரிமை என்ற பொருள் மட்டும் பொதுமக்கள் மனதில் நின்றுவிட்டது. நமக்கும் அந்தச் சொல் வீட்டுச் சொல் ஆனது 1990களில்தான். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு அமெரிக்காவில் 1995இல் கொடுத்த பேட்டண்டை இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து, 1997இல் ரத்துசெய்ய வைத்ததே, அந்தச் சமயத்தில். மருத்துவர்கள் மட்டும் இன்னும் 'திறந்திருத்தல்' என்ற பழைய பொருளை விடவில்லை: பிறந்த குழந்தையின் இதயத்தருகே மூட வேண்டிய ரத்தக்குழாய் மூடாமல் இருந்தால் அதையும் அவர்கள் 'பேட்டண்ட்' என்றே சொல்கிறார்கள்.

சரி, இது தோலோடு எப்படி ஒட்டிக்கொண்டது? 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில், தண்ணீர் புகாத பளபளப்பான தோல் செய்யும் முறைகளுக்குப் பேட்டண்ட் வாங்கினார்கள். 1793இல் பர்மிங்ஹாமில் வாங்கியது அதில் ஒன்று. அந்தப் பெயர் பொருளின் மேல் ஏறிக்கொண்டது. அமெரிக்காவில் இதைத் தொழிலாக வளர்த்தவர் சேத் பாய்டன், நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரத்துக்காரர். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு மெருகுத்தோல் துண்டைப் பார்த்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட பூச்சை அடுக்கடுக்காகத் தடவிக் காயவைத்து, 1819 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால் பாய்டன் தன்னுடைய முறைக்குப் பேட்டண்டே வாங்கவில்லை. அமெரிக்காவில் பேட்டண்ட் லெதரின் தந்தை என்று கொண்டாடப்படுகிறவரின் தோலுக்குப் பேட்டண்ட் கிடையாது! இதற்கு மேலும் காப்புரிமைத் தோல் என்று எழுதுவேன் என்கிறவரை என்ன செய்ய முடியும்.

மற்ற மொழிக்காரர்கள் இந்த வம்பில் மாட்டவில்லை. பிரெஞ்சில் 'வார்னிஷ் பூசிய தோல்' என்ற பொருள்பட ஒரு பெயர். ஜெர்மனில் 'லாக்லேடர்'. இதில் வருகிற லாக், இத்தாலியம், அரபு, பாரசீகம் என்று பின்னோக்கிப் போய்க் கடைசியில் வடமொழி லாக்ஷாவில் நிற்கிறது, அதாவது நம் ஊர் அரக்கு. பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் கட்டவைத்த அரக்கு மாளிகையின் அரக்குதான். ஸ்பானியர்கள் 'சரோல்' என்கிறார்கள், அது சீனத்திலிருந்து போர்த்துக்கீசியம் வழியாக வந்த சொல், அதற்கும் பொருள் மெருகுப்பூச்சுதான். மூன்று பெயருமே மேலே ஏதோ பூசியிருக்கிறது என்று சொல்கின்றன. ஆங்கிலப் பெயர் மட்டும் பொருளைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் வக்கீல் ஆபீஸ் பக்கம் போய் நிற்கிறது.

தமிழில் இதுவரை புழங்கும் பெயர்களைப் பார்க்கலாம். 'பளபளப்புத் தோல்' பரவாயில்லை, ஆனால் நன்றாகப் பாலிஷ் போட்ட எந்தத் தோலும் பளபளக்கத்தானே செய்யும். 'மெருகுத்தோல்' கேட்க அழகு, சிக்கனமான சொல், மேலே நானும் ஒரு இடத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் மெருகு என்றால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது என்றுதான் நம் காதில் விழும், நகைக்கும் பாத்திரத்துக்கும் ஏற்றுவது போல. இங்கே தேய்ப்பதற்கு வேலையே இல்லை. 'அரக்குத்தோல்' என்று ஜெர்மானியர் வழியில் வைக்கலாம். சிவப்பு நிறமும் தபால் முத்திரையும் நினைவுக்கு வந்து குழப்பும், அதோடு பாய்டன் காலத்திலேயே பூச்சு ஆளிவிதை எண்ணெய்தான், இன்றைக்கோ பெரும்பாலும் பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக். நான் பரிந்துரைப்பது மெருகுப்பூச்சுத் தோல். கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்ளலாம். ஆனால் 'பூச்சு' என்ற பகுதியை விடக் கூடாது, ஏனென்றால் இந்த ஷூவை எப்படித் துடைக்க வேண்டும், எதனால் அது கெடுகிறது என்பது முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் அடங்கியிருக்கிறது. தோல் வணிகத்தின் தர வரையறையும் பூச்சை வைத்தே வருகிறது: கண்ணாடி போன்ற பளபளப்பு இருக்க வேண்டும், பூச்சின் தடிமன் மொத்தத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது வேறு வகை, பெயரும் மாறிவிடும்.

இப்போது ஷூவுக்கு வருவோம். சாதாரணத் தோலுக்கு நாம் போடும் மெழுகுப் பாலிஷ் அதன் மேல் பிடித்துக்கொள்ளும், க்ரீம் என்றால் உள்ளே கொஞ்சம் இறங்கவும் செய்யும். இங்கே தோலுக்கும் உங்கள் பிரஷ்ஷுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. பாலிஷ் இறங்க வழியில்லாமல் மேலேயே பிசுபிசுவென்று தங்கி, தூசியை இழுத்து, மங்கலாக்கிவிடும். எனவே செய்ய வேண்டியது ரொம்பக் குறைவு. பழைய பனியன் துணியை நனைத்துப் பிழிந்து துடைப்பது, அழுக்கு போகவில்லை என்றால் அதில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, அப்புறம் உலர்ந்த துணியால் ஒரு முறை. கோர்ட்டில் யாராவது காலை மிதித்து, ரப்பர் தடம் கருப்பாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் வேஸ்லின் தடவி, சிறிது நேரம் விட்டு, வட்டமாகத் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அமெரிக்க நடுவர்களில் பலர் ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நீல ஸ்ப்ரேயையே அடித்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் களத்துக்குப் போகிறார்கள், உடனே பளிச்சென்று ஆகும். அவசரத்துக்குச் சரி, ஆனால் அந்த ஸ்ப்ரேக்களில் ஆல்கஹாலோ அம்மோனியாவோ இருப்பது உண்டு, தினமும் அடித்தால் பூச்சுக்கு நல்லதில்லை. நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் இரண்டையும் தொடவே வேண்டாம், அசிட்டோன் கறையோடு சேர்த்துப் பூச்சையும் கரைத்துவிடும்.

துடைப்பதைவிட வைக்கும் முறைதான் பெரிய விஷயம். மெருகுப்பூச்சு ஷூ சாவது அழுக்கால் இல்லை, வெடிப்பால். விரல்கள் மடங்கும் இடத்தில் பூச்சு திரும்பத் திரும்ப வளைந்து, ஒருநாள் மெல்லிய கோடு விழும். அந்தக் கோட்டை நிரப்பி மறைக்கலாம், சரிசெய்ய முடியாது. குளிரில் பூச்சு விறைத்து வெடிப்பு சீக்கிரம் வரும், பனிக்காலத்தில் காரின் டிக்கியிலேயே ஷூவை விட்டுவைக்கும் நடுவர்களுக்கு இது நடக்கும். வெயிலிலும் விடக் கூடாது: சூட்டில் பூச்சு இளகி, இரண்டு ஷூவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது மேல்தோல் உரிந்து வரும். தனித்தனித் துணிப்பையில் போட்டு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அச்சடித்த செய்தித்தாளில் சுற்றுவதும் கூடாது. கருப்பு ஷூவில் தெரியாது, வெள்ளையிலோ வெளிர் நிறத்திலோ மை பூச்சுக்குள் இறங்கிவிட்டால் பிறகு போகாது.

வியர்வையும் ஒரு பிரச்சினை. பூச்சு காற்றை விடாது என்பதால் ஆட்டம் முடிந்ததும் உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். ஷூவுக்குள் இருக்கிற இன்சோலைக் கழற்றி வெளியே வைத்து, ஷூவுக்குள் எழுத்தில்லாத வெள்ளைத்தாளைத் திணித்து நிழலில் உலர விட வேண்டும். அடுத்தடுத்த நாள் ஆட்டம் இருக்கிறவர்கள் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றிப் போடுவது இதனால்தான். அடிப்பாகத்தை ஈரத்துணியால் துடைப்பதை மறக்கிறவர்கள் அதிகம், மேலே கண்ணாடி போல் மினுங்கி என்ன பயன், தூசி படிந்த சோல் மரத்தரையில் வழுக்கினால் ரெஃப்ரி விசிலோடு விழுவார்.

எல்லா மினுமினுப்பும் தோல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டூபான்ட் நிறுவனம் 1960களில் 'கார்ஃபாம்' என்ற செயற்கைப் பொருளைக் கொண்டுவந்தது, பாலிஷே வேண்டாம் என்பதுதான் விளம்பரம். பொதுச் சந்தையில் எடுபடாமல் 1971இல் கைவிட்டார்கள். ஆனால் அமெரிக்க ராணுவச் சீருடை ஷூக்களுக்கு அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. இன்னொரு பக்கம், 1995இல் வந்த நைக்கியின் பதினோராவது ஏர் ஜோர்டன் கூடைப்பந்து ஷூவில் வடிவமைப்பாளர் டிங்கர் ஹாட்ஃபீல்ட் இதே மெருகுப்பூச்சுத் தோலைச் சுற்றிலும் வைத்தார், ஆட்டக்காரர் காலுக்கும் அது வந்து சேர்ந்தது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்கள் இதையெல்லாம் 'பேட்டண்ட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள், பேச்சில் அது அப்படியே இருக்கட்டும். விலைச்சீட்டிலும் பராமரிப்புக் குறிப்பிலும் தமிழில் அச்சடிக்கும்போது மெருகுப்பூச்சுத் தோல் என்றும், தோலே இல்லாத வகைக்கு மெருகுப்பூச்சுச் செயற்கைத் தோல் என்றும் போட்டால் போதும், வாங்குகிறவர் பாலிஷ் டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பார்.