வீட்டு கரண்டில் தொழில் செய்பவர்களுக்கு: 126 நோட்டீஸ் வந்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள்

பேப்பர் கப் மெஷின் விற்க வருபவர் எடுத்ததும் சொல்வது, "வீட்டு கரண்டே போதும்." மெஷின் ஓடும், அதில் பொய்யில்லை. ஆனால் சிங்கிள் பேஸில் ஓடுவது வேறு, வீட்டுக் கட்டணத்தில் ஓட்ட அனுமதி இருப்பது வேறு. முன்னறையில் மெஷின் போட்டு லோன் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் மின்வாரியம் அனுப்பிய ஒரே நோட்டீஸில் நொடிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். யாரும் திருடவில்லை. யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவும் இல்லை.

சட்டம் இவ்வளவுதான்: மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126. எதற்காக இணைப்பு வாங்கினோமோ அதை விட்டு வேறு வேலைக்குப் பயன்படுத்தினால், அந்த வேலைக்குரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு வசூலிக்கலாம்.

தமிழ்நாட்டில் குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் 3ஏ1 என்று தனிக் கட்டணம் உண்டு, 12 கிலோவாட் வரை. விசைத்தறிக்கு 3ஏ2. வீட்டில் கைத்தறி நெய்பவருக்கு வீட்டுக் கட்டணமே பொருந்தும். நெசவாளர் வீடுகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கைத்தறியை எடுத்துவிட்டு விசைத்தறி போடுகிறார்கள், மீட்டர் மட்டும் பழைய கட்டணத்திலேயே இருக்கிறது.

உத்யம் சான்றிதழ் (குறு, சிறு தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது உங்கள் மின் கட்டணத்தைத் தானாக மாற்றாது. அந்தப் பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதும் இல்லை. பணம் கேட்டால் அது இடைத்தரகர்.

வாடகை வீடு என்றால் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மெஷின் வந்திறங்கிய பிறகு கேட்டால் பெரும்பாலும் தரமாட்டார். அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் ஒதுக்கீட்டு ஆணையை எடுத்து, 'குடியிருக்க மட்டும்' என்ற நிபந்தனை இருக்கிறதா என்று படியுங்கள்.

தொழில் அறைக்குத் தனி இணைப்போ கட்டண மாற்றமோ கேட்டு மின்வாரிய அலுவலகத்துக்குப் போனால், "இங்கே அதெல்லாம் ஆகாது, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். அந்த வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள். ஆன்லைனில் விண்ணப்பித்து எண் வாங்குங்கள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2024-இல் திருத்திய மத்திய விதிப்படி புது இணைப்புக்குப் பெருநகரில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமத்தில் 15 நாள்தான் கெடு.

சரி, நோட்டீஸ் வந்துவிட்டது. ஆய்வுக்கு வந்தவர் "திருட்டு கேஸ்" என்று மிரட்டியிருக்கலாம். தாளில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். திருட்டுக்கு 135. 126 என்றால் அது கட்டண மதிப்பீடு மட்டுமே.

முதலில் வருவது தற்காலிக மதிப்பீடு. அதற்கு ஆட்சேபம் எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்குங்கள். எப்போதிலிருந்து இப்படி ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்குப் போடலாம். இரண்டு மாதம் முன்பு வாங்கிய மெஷினுக்கு ஒரு வருடத் தொகை வருவது இப்படித்தான். மெஷின் வாங்கிய பில்லையும் லோன் தாளையும் ஆட்சேபத்தோடு இணையுங்கள்.

"ஒத்துக்கிட்டேன்னு கையெழுத்துப் போடுங்க, குறைச்சுப் போடறோம்" என்று சொன்னால் நின்று யோசியுங்கள். சம்மதத்தோடு போட்ட இறுதி ஆணைக்குப் பிரிவு 127-இன் கீழ் மேல்முறையீடு கிடையாது.

சம்மதிக்கவில்லை என்றால், இறுதி ஆணை வந்த 30 நாளுக்குள், மதிப்பிட்ட தொகையில் பாதியைக் கட்டி மேல்முறையீடு செய்யலாம். அந்த நாட்களை நுகர்வோர் நீதிமன்றத்துக்கு அலைந்து வீணாக்காதீர்கள். 126 மதிப்பீட்டை எதிர்த்து அங்கே போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. ஆணை கைக்கு வந்த அன்றே பாதித் தொகைக்கு ஏற்பாடு செய்யத் தொடங்குங்கள், ஏனென்றால் பெரும்பாலானோர் கெடுவைத் தவறவிடுவது அந்தப் பணத்தைத் தேடி அலைவதில்தான்.