நீர்யானைப் பல்லும் எகிப்து மணலும்

பூமராங் மாதிரி வளைஞ்ச ஒரு எகிப்து தந்தம், அதுல ரெண்டு கால்ல நின்னுக்கிட்டு கத்தி பிடிச்சிருக்கிற நீர்யானை, இது என்னன்னு ஒரு வாசகர் போட்டோவோட கேட்டிருந்தார். அது பிரசவக் காவல் கோல். கி.மு. 2000-ல இருந்து 1650 வரைக்கும் புழக்கத்துல இருந்தது. சிங்க முகத்து காவல் தெய்வம் அஹா, தவளை, ரெட்டைத்தலை ஸ்பிங்ஸ் (சிங்க உடம்பும் மனுஷத் தலையும் உள்ள கற்பனை மிருகம்)னு ஒரு காவல் படையே வரிசையா நிக்கும், பாதிப்பேர் கையில கத்தி.

பெரும்பாலும் இது யானைத் தந்தமே இல்லை, நீர்யானையோட கீழ்த்தாடை கோரைப்பல். நீர்யானை சாகுற வரைக்கும் அந்தப் பல் வளர்ந்துக்கிட்டே இருக்கும், பிறை மாதிரி வளைஞ்சு. அதை நீளவாக்குல ரெண்டாப் பிளந்தா ரெண்டு கோல், அந்த வளைவு யாரும் செதுக்கினது இல்ல, பல்லோட வளைவேதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதோட நுனி. நிறைய கோல்கள்ல ஒரு முனை மட்டும் தேய்ஞ்சு வழவழன்னு இருக்கும், அங்க செதுக்கின உருவம்கூட மங்கிப்போயிருக்கும். மோஸ் கடினத்தன்மை ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, எண் பெருசா இருக்கிறது சின்னதைக் கீறும். பல்லு மேல இருக்கிற கெட்டியான பூச்சு, எனாமல், சுமார் 5, ஆனா செதுக்குறதுக்கு முன்னாடி அதை எடுத்துடுவாங்க, உள்ள இருக்கிற பல்லோட முக்கியப் பகுதி, டென்டின், 2.5 பக்கம்தான். மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் 7! மண் தரையில அந்த முனையை வச்சு இழுத்தா ஒவ்வொரு மணலும் ஒரு சின்ன உளி மாதிரி பல்லைச் சுரண்டும், ஒருதடவைல ஒண்ணும் தெரியாது, திரும்பத் திரும்ப இழுத்தா நுனி மழுங்கிடும். அதனாலதான் தாயும் குழந்தையும் படுத்திருக்கிற இடத்தைச் சுத்தி இதால வட்டம் போட்டிருப்பாங்கன்னு ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க. உடைஞ்சதை அந்தக் காலத்துலயே சரிபண்ணி வச்சிருந்ததும் உண்டு.

மூடநம்பிக்கைன்னு ஒரு வார்த்தையில இதைத் தள்ள எனக்கு மனசு வரல. மருந்து எதுவும் கைகொடுக்காத பிரசவ அறையில, நைல்ல படகையே கவிழ்க்கிற, குட்டிகிட்ட யாரையும் நெருங்கவிடாத ஒரு மிருகத்தோட பல்லை எடுத்து, அதுலயே அந்த மிருகத்தைக் கத்தியோட செதுக்கியிருக்காங்க. தங்க முகமூடிக்குக் கொட்டுற காசுல கொஞ்சம் இந்தத் தேய்மானத்தை மைக்ராஸ்கோப்ல பாக்குற ஆளுங்களுக்கும் போகணும்.

சில கோல்ல எழுத்தும் இருக்கும், அந்த உருவங்களே பேசுற மாதிரி: இந்தக் குழந்தையைச் சுத்திக் காவல் நிக்க நாங்க வந்திருக்கோம்னு. பக்கத்துல குழந்தை பேரு, அப்புறம் அம்மா பேரு.